ஊதும் முன் எண்ணுங்கள்: பலூன் மொசைக் அலங்காரத்துக்கு 34 குறிப்புகள்

முதல் பிறந்தநாள் என்றால் குழந்தையைவிட உயரமாக ஒரு ‘1’. அறுபதாம் கல்யாணம் என்றால் வாசலில் ‘60’. எண்ணின் உடம்பு முழுக்கச் சிறிதும் பெரிதுமாகப் பலூன்கள். இதைத்தான் அலங்காரக்காரர்கள் பலூன் மொசைக் என்கிறார்கள். இன்னொரு வகையும் உண்டு. ஒரே அளவுப் பலூன்களை வரிசை வரிசையாகப் பதித்து, நிறத்தை மாற்றுவதாலேயே ஒரு பூவையோ பானையையோ வரவழைப்பது. இரண்டையும் வீட்டிலேயே செய்யலாம்.

புள்ளிக் கோலம் போட்டுப் பழகிய கைக்கு இந்த வேலையில் பாதி ஏற்கெனவே தெரியும். எத்தனை புள்ளி, எந்த எண்ணிக்கையில் நிறுத்துவது, நேர்ப்புள்ளியா ஊடுபுள்ளியா என்று முடிவு செய்த பிறகுதானே மாவை எடுக்கிறோம்? பலூனிலும் அழகைத் தீர்மானிப்பவை எண்ணிக்கையும் அளவும்தான். அவை முடிவான பிறகு பம்ப்பைக் கையில் எடுங்கள்.

திட்டமிடும்போது

1. முதலில் வகையை முடிவு செய்யுங்கள். எண், எழுத்து வேண்டுமென்றால் அட்டையில் சட்டம் கட்டி உள்ளே பலூனை அடைக்கும் முறை எளிது. பூ, பானை, கொடி போன்ற உருவங்களுக்குக் கட்டம் போட்டுப் பதிக்கும் முறையே சரி. முதல்முறை செய்பவர்கள் எண்ணில் தொடங்கலாம். அதில் எங்காவது இடைவெளி விழுந்தாலும் ஒரு குட்டிப் பலூனைச் செருகி மறைத்துவிடலாம்.

2. பிள்ளைகளின் கட்டம் போட்ட கணக்கு நோட்டில் ஒரு தாள் எடுத்து உருவத்தை வரையுங்கள். ஒரு கட்டத்துக்கு ஒரு பலூன். நிறப் பென்சிலால் கட்டங்களை நிரப்பி, ஒவ்வொரு நிறத்துக்கும் எத்தனை கட்டம் என்று ஓரத்தில் எழுதுங்கள். கடைக்குக் கொண்டு போகும் பட்டியல் அதுதான். கிராஸ் ஸ்டிச் புத்தகத்தில் இருக்கும் எளிய மாதிரிகளை மாற்றமே இல்லாமல் அப்படியே பயன்படுத்தலாம்.

3. கட்டத்தின் அளவை 4 இன்ச் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடையில் 5 இன்ச் என்று விற்கும் பலூனை 4 இன்ச்சுக்கு ஊதினால் உருண்டையாக நிற்கும், எளிதில் வெடிக்காது. 4 அடிக்கு 4 அடி பலகை என்றால் ஒரு வரிசைக்கு 12, மொத்தம் 12 வரிசை. ஆக 144 பலூன். வேறு அளவுப் பலகைக்கும் இதே கணக்குதான்: நீளத்தையும் அகலத்தையும் இன்ச்சில் எழுதி, இரண்டையும் 4-ஆல் வகுத்து, பெருக்குங்கள்.

4. பலூன்களை நேர்ப்புள்ளியாக வைத்தால், உருண்டைகளுக்கு நடுவே சந்து பெரிதாகத் தெரியும். பலகையில் நூற்றுக்குச் சுமார் 79 பங்குதான் மறையும். ஊடுபுள்ளியாக, அதாவது மேல் வரிசையில் இரண்டு பலூனுக்கு நடுவே கீழ் வரிசையின் பலூன் வரும்படி வைத்தால், சுமார் 91 பங்கு மறைந்துவிடும். வரிசைக்கு வரிசை இடைவெளியும் 4 இன்ச்சிலிருந்து மூன்றரை இன்ச்சாகக் குறையும். நேர்கோடுகள் உள்ள எண், எழுத்து, பானை ஆகியவற்றுக்கு நேர்ப்புள்ளி. பூ, நட்சத்திரத்துக்கு ஊடுபுள்ளி.

5. கை பழக ஒரு சிறிய பூ செய்து பாருங்கள். 7 புள்ளி, இரு புறமும் 4-ல் நிறுத்தும் ஊடுபுள்ளிக் கோலத்துக்கு 37 புள்ளிகள். நடுவில் 1 மஞ்சள், அதைச் சுற்றி 6 ரோஸ், அடுத்த சுற்றில் 12 வெள்ளை, வெளிச்சுற்றில் 18 பச்சை. பலூன் ஒவ்வொன்றும் 4 இன்ச் என்றால் பூவின் அகலம் 28 இன்ச், உயரம் 25 இன்ச் அளவுக்கு வரும். ஒரு மாலைப்பொழுதில் முடிக்கலாம். கதவிலோ ஊஞ்சலுக்குப் பின்சுவரிலோ மாட்ட ஏற்ற அளவு.

6. பொங்கலுக்கு ஒரு பானை மாதிரி இதோ. வரிசைக்கு 11 பலூன், 12 வரிசை, நேர்ப்புள்ளி. கீழே சொல்லியிருப்பவை நடுவில் வர வேண்டியவை. இரு ஓரங்களிலும் மீதியைச் சமமாக நீலத்தால் நிரப்புங்கள்.
வரிசை 1: முழுவதும் நீலம்.
வரிசை 2: 5 வெள்ளை.
வரிசை 3: 7 வெள்ளை. இவை பொங்கும் பால்.
வரிசை 4: 7 அரக்குச் சிவப்பு. இது பானையின் வாய்.
வரிசை 5: 5 கிளிப்பச்சை. இது கழுத்தில் கட்டிய மஞ்சள் கொத்து.
வரிசை 6: 7 அரக்குச் சிவப்பு.
வரிசை 7, 8, 9: ஒவ்வொன்றிலும் 9 அரக்குச் சிவப்பு.
வரிசை 10: 7 அரக்குச் சிவப்பு.
வரிசை 11: 5 அரக்குச் சிவப்பு.
வரிசை 12: முழுவதும் நீலம்.
மொத்தத் தேவை: நீலம் 62, அரக்கு 53, வெள்ளை 12, கிளிப்பச்சை 5. ஆக 132. பலகை 44 இன்ச் அகலம், 48 இன்ச் உயரம்.

7. உருவம் எளிமையாக இருக்கட்டும். நூற்றைம்பது பலூனில் குழந்தையின் முகத்தைக் கொண்டுவர முடியாது. கண்ணும் மூக்கும் தெரிய அதைப்போலப் பல மடங்கு வேண்டும். வெளிக்கோட்டைப் பார்த்தவுடனே இன்னதென்று சொல்லக்கூடிய உருவங்களே இதற்குப் பொருந்தும்: பானை, மாங்காய், பட்டம், மீன், நட்சத்திரம், எண்கள். சாய்வான கோடு வரும் இடத்தில் இரண்டு கட்டத் தடிமன் கொடுங்கள். ஒற்றைக் கட்டமாகச் சாய்ந்து போகும் கோடு தூரத்திலிருந்து துண்டு துண்டாகத் தெரியும்.

8. நிறங்கள் அடுத்தடுத்து வரும்போது ஒன்று அடர்த்தியாகவும் மற்றது வெளிறியும் இருக்க வேண்டும். வெள்ளைக்குப் பக்கத்தில் இளமஞ்சளோ, கருநீலத்துக்குப் பக்கத்தில் அரக்கோ வைத்தால் உருவம் பின்னணியில் கரைந்துவிடும். நிறப் பென்சிலால் வரைந்த தாளை செல்போனில் கறுப்பு வெள்ளைப் படமாக எடுத்துப் பாருங்கள். அதிலும் உருவம் பிரிந்து தெரிந்தால் நிறத்தேர்வு சரி.

வாங்கும்போது

9. உருவத்துக்கு வேண்டிய ஒரே நிறப் பலூன்களை ஒரே கம்பெனியில், முடிந்தால் ஒரே கட்டிலிருந்து வாங்குங்கள். சிவப்பு என்று எழுதியிருந்தாலும் கம்பெனிக்குக் கம்பெனி சாயல் மாறும். ஊதாத பலூனின் நிறத்தை நம்பி முடிவெடுக்காதீர்கள். ரப்பர் விரிய விரிய நிறம் வெளிறும். கடையிலேயே ஒன்றை ஊதிப் பார்த்து வாங்குவது நல்லது. இன்னும் அடர்த்தி வேண்டுமானால், ஒரு பலூனுக்குள் அதே நிறத்தில் இன்னொன்றைச் செருகி இரண்டையும் சேர்த்து ஊதலாம்.

10. பளபளக்கும் குரோம், மெட்டாலிக் பலூன்கள் விளக்கொளியை அள்ளி வீசும். உருவம் முழுவதையும் அவற்றால் செய்தால் போட்டோவில் வெள்ளைப் புள்ளிகள்தான் மிஞ்சும். சாதாரண நிறங்களில் உருவத்தை முடித்துவிட்டு, எண்ணின் ஓரத்திலும் பூவின் நடுவிலும் மட்டும் பளபளப்பைச் சேருங்கள்.

11. கணக்கில் வந்ததைவிட நூற்றுக்குப் பதினைந்து கூடுதலாக வாங்குங்கள். வெடிப்பவை, முடிச்சு நழுவுபவை, பழுதானவை எல்லாம் அதில் அடங்கிவிடும். கையால் இழுத்தால் வெடிப்பு விடுகிற, பிசுபிசுக்கிற பழைய சரக்கை எடுக்காதீர்கள். மீந்ததைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு, வெயிலும் அடுப்புச் சூடும் படாத இடத்தில் வையுங்கள்.

12. வைத்திருந்த பலூன்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் கொஞ்சம் முகப் பவுடர் தூவி உருட்டிப் பிரியுங்கள். இது பலூனுடன் கூடவே பிறந்த உத்தி. 1824-ல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் மைக்கேல் ஃபாரடே ஹைட்ரஜன் ஆய்வுக்காக முதல் ரப்பர் பலூனைச் செய்தபோது, இரண்டு ரப்பர் தாள்களின் உட்புறம் ஒட்டாமலிருக்க மாவைத்தான் தூவினார். இன்றைக்கும் புதுப் பலூனுக்குள் மெல்லிய தூள் இருக்கும். வாயால் ஊதும்போது மூச்சை உள்ளே இழுக்கக் கூடாது என்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

13. சட்டத்துக்குத் தெர்மாகோல் வேண்டாம். 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடை செய்யப்பட்ட, ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்களின் பட்டியலில் அலங்காரத் தெர்மாகோலும், பலூன் செருகும் பிளாஸ்டிக் குச்சியும் உண்டு. ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் வரும் கனமான அட்டைப்பெட்டி இந்த வேலைக்கு மிகவும் ஏற்றது. வீட்டு உபயோகப் பொருள் கடைகளில் கேட்டால் கிடைக்கும். எடை குறைவு, வெட்டுவது சுலபம், அடுத்த விழாவுக்கும் எடுத்து வைக்கலாம்.

14. பம்ப் அவசியம். தள்ளும்போதும் இழுக்கும்போதும் காற்று வரும் இருவழிக் கைப்பம்ப் போதும். 4 இன்ச்சுக்கு ஊதிய பலூனைவிட 8 இன்ச்சுக்கு ஊதியது இரண்டு மடங்கு அகலம்தான். ஆனால் உள்ளே அடங்கும் காற்று 8 மடங்கு. பெரிய பலூன்கள் நிறைய வரும் வேலை என்றால் எலெக்ட்ரிக் பம்ப்பை வாடகைக்கு எடுப்பது நல்லது. வாயால் ஊதினால் கன்னம் வலிப்பதோடு, மூச்சின் ஈரம் உள்ளே படிந்து, கண்ணாடிப் பலூன்களில் நீர்த்துளியாகத் தெரியும்.

சட்டமும் பலகையும் செய்யும்போது

15. எண்ணுக்கு முதலில் பின்பக்க அட்டையை வெட்டுங்கள். 4 அடி உயர ‘1’ என்றால் அதன் உடம்பு 12 இன்ச்சாவது அகலம் வேண்டும். அப்போதுதான் 8 இன்ச் பலூன் ஒன்றும் அதன் பக்கத்தில் 4 இன்ச் பலூன் ஒன்றும் நெருக்கமாக உட்காரும். பிறகு 5 இன்ச் உயர அட்டைப் பட்டைகளை வெட்டி, எண்ணின் விளிம்பைச் சுற்றிச் சுவராக ஒட்டுங்கள். முன்பக்கம் திறந்தே இருக்கட்டும்.

16. ‘2’, ‘6’, ‘0’ போன்ற வளைவுள்ள எண்களுக்கு, பட்டையை வெட்டும் திசையைக் கவனியுங்கள். அட்டையின் உள்ளே ஓடும் நெளிவரிகள் பட்டையின் குறுக்கே வரும்படி வெட்டினால், சொன்னபடி வளையும். நீளவாக்கில் வந்தால் மடிந்து உடையும்.

17. அட்டையை ஒட்ட வெள்ளைப் பசையும், மேலே பிரவுன் பாக்கிங் டேப்பும் போதும். பசை காய ஒரு இரவு விடுங்கள். பெட்ரோல் வாசம் அடிக்கும் ரப்பர் பசைகள் பலூனையும் அரிக்கும். சூடான க்ளூ கன்னை அட்டையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பலூன் பக்கம் கொண்டு போகாதீர்கள்.

18. சட்டத்தின் உட்புறத்துக்குப் பலூன்களின் நிறத்திலேயே வண்ணம் பூசுங்கள். அல்லது அதே நிறக் காகிதம் ஒட்டுங்கள். பலூன்களுக்கு நடுவே சந்து இருந்தாலும் அட்டையின் மண்நிறம் எட்டிப் பார்க்காது. சிறிய செலவில் பெரிய பலன் தரும் குறிப்பு இது.

19. நிற்க வைக்கும் எண்ணுக்கு, பின்னால் முக்கோணமாக ஓர் அட்டைத் தாங்கி ஒட்டி, அடியில் மணல் நிரப்பிய தண்ணீர் பாட்டில்களைக் கட்டுங்கள். பலூனில் எடையே இல்லை. ஆனால் அதன் பரப்பு பெரிது என்பதால், வாசலில் வரும் சிறு காற்றுக்கே முழுச் சட்டமும் சாய்ந்துவிடும்.

20. உருவம் பதிக்கும் பலகையில் 4 இன்ச்சுக்கு ஒரு புள்ளி வையுங்கள். ஒவ்வொரு புள்ளியிலும் பலூன் முடிச்சு நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை. அந்த ஓட்டையிலிருந்து மேல்நோக்கி அரை இன்ச் நீளத்துக்கு மெல்லிய கீறல். முடிச்சை ஓட்டை வழியே பின்னால் இழுத்து, கீறலுக்குள் தள்ளினால் பலூன் அங்கேயே பிடித்து நிற்கும். பின்பக்கம் ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுங்கள். முன்பக்கம் பசையே தேவையில்லை. ஒன்று வெடித்தாலும் பக்கத்தில் இருப்பதைத் தொடாமல் மாற்றலாம்.

ஊதும்போது

21. அளவு பார்க்க ஒரு சட்டம் செய்துகொள்ளுங்கள். கெட்டி அட்டையில் 4 இன்ச் விட்டத்தில் ஒரு வட்டம், 8 இன்ச்சில் ஒரு வட்டம் வெட்டுங்கள். ஊதிய பலூன் வட்டத்துக்குள் தட்டியும் தட்டாமலும் நுழைந்து வர வேண்டும். தளர்வாகப் போனால் இன்னும் ஊதுங்கள், இறுகினால் காற்றை விடுங்கள். கண்ணால் அளந்தால் பத்தாவது பலூனிலேயே அளவு மாறத் தொடங்கிவிடும். அளவு ஒன்றாக இருந்தால், வரிசை தானாகவே நேராகும்.

22. ஒவ்வொரு பலூனையும் வேண்டிய அளவைவிடச் சற்றுப் பெரிதாக ஊதி, பிறகு காற்றை விட்டு அளவுக்குக் கொண்டு வாருங்கள். ரப்பர் தளர்ந்து, உருண்டை வடிவம் கிடைக்கும். கழுத்துப் பக்கம் நீண்டு பேரிக்காய் வடிவம் வந்தால் காற்று அதிகம் என்று அர்த்தம். முடிச்சுப் போடும் முன் பலூனை மெல்ல அழுத்திக் காற்றைக் கழுத்துப் பக்கம் தள்ளினால் உருண்டை இன்னும் திருந்தும்.

23. பலூன் பால் வடியும் மரத்தின் பொருள். கன்னியாகுமரி மாவட்டத்துத் தோட்டங்களில் சிரட்டையில் சேகரிக்கும் அதே ரப்பர் பால்தான் இதற்கும் மூலம். எண்ணெய் பட்டால் இந்த ரப்பர் வலுவிழக்கும். தலைக்குத் தேங்காய் எண்ணெய் தடவிய கையாலோ, பலகாரம் சுட்ட கையாலோ பலூனைத் தொடாதீர்கள். ஆரஞ்சு, எலுமிச்சைத் தோலில் உள்ள லிமோனீன் ரப்பரைக் கரைக்கும். உரித்த கையால் தொட்டால் அந்த இடத்திலேயே வெடிக்கும். பழச்சாறு போடும் மேஜையைப் பலூன் வேலைக்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம்.

24. வேலையில் உட்காரும் முன் மோதிரம், கல் வளையலைக் கழற்றுங்கள். நகத்தை ஒட்ட வெட்டிக்கொள்ளுங்கள். மொட்டை மாடித் தளம், செங்கல் சுவர், புல்தரை எல்லாமே பலூனுக்குச் சொரசொரப்பானவை. தரையில் பழைய பெட்ஷீட் விரித்து வேலை செய்யுங்கள்.

25. ஒரு உருவத்துக்கு வேண்டிய பலூன்களை எல்லாம் ஒரே வேளையில் ஊதி முடியுங்கள். காற்று நிரப்பிய பலூன் இரவோடு இரவாகச் சற்றுச் சுருங்கும். அதிலும் சிறிய பலூனில் சுருக்கம் சீக்கிரம் தெரியும். எல்லாம் ஒன்றாகச் சுருங்கினால் கண்ணுக்குத் தெரியாது. பாதி நேற்று, பாதி இன்று என்றால் வரிசை பல்லிளிக்கும். நாலைந்து பேர் உட்கார்ந்து, ஒருவர் ஊத, ஒருவர் அளக்க, ஒருவர் முடிச்சுப் போட என்று வேலையைப் பிரித்தால் விழாவுக்கு முந்தைய மாலையிலேயே முடிந்துவிடும்.

26. ஊதிய பலூன்கள் வீடெங்கும் உருண்டு ஓடாமலிருக்கக் கொசுவலை கைகொடுக்கும். கட்டிலில் வலையைக் கட்டி, நிறவாரியாக உள்ளே போட்டு ஓரத்தைச் செருகிவிடுங்கள். மின்விசிறிக் காற்று தள்ளாது, தூசி ஒட்டாது, எத்தனை ஆயிற்று என்று எண்ணுவதும் சுலபம்.

அடுக்கும்போது

27. எண்ணை அடைக்க ஒற்றைப் பலூன்களாகப் போடாதீர்கள். இரண்டு இரண்டாக வாலோடு வால் முடியுங்கள். இரண்டு ஜோடிகளை எடுத்து, நடுவில் ஒன்றின் மேல் ஒன்று வைத்துச் சுற்றி முறுக்கினால் நான்கு பலூன் சேர்ந்த ஒரு கொத்து. பின் அட்டையில் ஒரு இன்ச் இடைவெளியில் இரண்டு ஓட்டை போட்டு, கொத்தின் நடுவில் தூண்டில் நரம்பைச் சுற்றிப் பின்னால் இழுத்துக் கட்டுங்கள். கொத்து கழன்று விழாது.

28. முதலில் 8 இன்ச் பலூன்களை அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பரப்புங்கள். ஒரே பக்கம் குவிய வேண்டாம். அடுத்து விளிம்பை ஒட்டி 4 இன்ச் கொத்துகள். எண்ணின் வடிவம் தெளிவாகத் தெரிவது இந்த விளிம்பால்தான் என்பதால், இங்கே பலூன்கள் நேராக உட்கார வேண்டும். கடைசியாக 2 இன்ச், 3 இன்ச்சுக்கு ஊதிய குட்டிப் பலூன்களைச் சந்துகளில் செருகுங்கள். அவற்றை இரட்டைப் பக்க டேப் துண்டால் நிறுத்தலாம்.

29. உருவப் பலகையில் பூவாக இருந்தால் நடுவிலிருந்து வெளியே வாருங்கள். பானையோ எழுத்தோ என்றால் மேல் வரிசையிலிருந்து ஒவ்வொரு வரிசையாக இறங்குங்கள். ஒருவர் தாளைப் பார்த்து நிறத்தைச் சொல்லட்டும், மற்றவர் பதிக்கட்டும். முடிந்த வரிசையைத் தாளில் பென்சிலால் அடித்துவிடுங்கள். ஒரு கட்டம் தவறினால் கீழே உள்ள வரிசை அத்தனையும் நகர்ந்துவிடும்.

30. நான்கைந்து வரிசைக்கு ஒருமுறை 10 அடி தள்ளி நின்று பாருங்கள், போட்டோவும் எடுத்துப் பாருங்கள். அருகில் நிற்கும்போது தெரிவது பலூன்கள்தான், உருவம் தூரத்தில்தான் கூடும். விருந்தினர் நிற்கப்போகும் தூரத்திலிருந்து சரியாகத் தெரிந்தால் போதும். ஒவ்வொரு நிறத்திலும் சில பலூன்களை ஊதிக் கைவசம் வையுங்கள், விழா நடுவில் ஒன்று வெடித்தால் உடனே மாற்றலாம்.

இடமும் பாதுகாப்பும்

31. வெயில் படும் இடத்தில் நிறுத்தாதீர்கள். வெயிலிலும் காற்றிலும் ரப்பரின் மேற்பரப்பு பளபளப்பை இழந்து மங்கிப்போகும். ஏசி அறையில் 24 டிகிரியில் ஊதிய பலூனை 38 டிகிரி வெயிலுக்குக் கொண்டு போனால், உள்ளே இருக்கும் காற்று ஏறத்தாழ 5 சதவீதம் விரியும். வெயில் நேரடியாகப் பட்டால் அடர் நிறங்கள் இன்னும் சூடேறும். வெளியில் வைக்கப் போகிறீர்கள் என்றால் அளவை முன்பே கொஞ்சம் குறைத்து ஊதுங்கள். மின்விசிறி, ஃபோகஸ் லைட் இரண்டிலிருந்தும் தள்ளி வையுங்கள்.

32. மொசைக்குக் காற்று போதும், வாயு தேவையே இல்லை. பலூன்காரர்கள் சிலர் நிரப்பும் ஹைட்ரஜன் தீப்பொறி பட்டாலே வெடிக்கும். அதை வீட்டுக்குள் விடாதீர்கள். அட்டையும் ரப்பரும் தீப்பிடிக்கும் பொருட்கள் என்பதால், கேக் மெழுகுவத்தி, குத்துவிளக்கு, ஊதுவத்தி, கற்பூரத் தட்டு எல்லாம் சட்டத்திலிருந்து சில அடி தள்ளியே இருக்கட்டும்.

33. குழந்தைகள் விஷயத்தில் மிகுந்த கவனம் வேண்டும். ஊதாத பலூனும், வெடித்த பலூனின் துண்டும் தொண்டையில் ஒட்டி மூச்சை அடைத்துவிடும். 8 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இந்த ஆபத்து உண்டென்று பலூன் பாக்கெட்டில் அச்சிட வேண்டும் என்பது அமெரிக்காவில் சட்டம். நம் வீட்டிலும் அதே விதியைப் பின்பற்றுவோம். வெடித்த துண்டுகளை அப்போதே பொறுக்குங்கள், மீந்த பாக்கெட்டை மேல் அலமாரியில் வையுங்கள். ரப்பர் கையுறை போட்டால் அரிப்போ தடிப்போ வரும் உறவினர் இருந்தால், அந்த விழாவுக்கு இதே மாதிரியில் வண்ணக் காகித வட்டங்களை ஒட்டுங்கள். கட்டக் கணக்கு மாறாது.

விழா முடிந்த பிறகு

34. பலூன்களை ஒவ்வொன்றாக வெடிக்க வேண்டாம். முடிச்சுக்கு ஒட்டிய கழுத்துப் பகுதியில் ரப்பர் அதிகம் இழுபட்டிருக்காது. அங்கே கத்தரிக்கோல் நுனியால் சிறிதாக வெட்டினால் காற்று சத்தமில்லாமல் இறங்கும். கைக்குழந்தைகளும் முதியவர்களும் திடுக்கிட மாட்டார்கள். பலூன்களை வானத்தில் பறக்க விடுவதும் தெருவில் கொட்டுவதும் கூடவே கூடாது. ரப்பர் மரத்திலிருந்து வந்ததுதான் என்றாலும், அது மட்க நாளாகும். அதற்குள் மாடு தின்றால் வயிற்றில் சிக்கும். எல்லாவற்றையும் ஒரு பையில் கட்டி, குப்பை எடுக்க வருபவர்களிடம் கொடுங்கள். அட்டைச் சட்டத்தையும் ஓட்டை போட்ட பலகையையும் கட்டிலுக்கு அடியில் படுக்கவைத்துப் பத்திரப்படுத்துங்கள். கட்டத்தாளின் பின்பக்கம் எந்த நிறம் எத்தனை வாங்கினீர்கள், எத்தனை மீந்தது என்று எழுதிப் பலகையின் முதுகில் ஒட்டிவிடுங்கள். அதே பலகை, அதே 4 இன்ச் புள்ளிகள், வேறு நிறங்கள்: இந்தப் பொங்கலுக்குப் பானை வந்த இடத்தில் அடுத்த பிறந்தநாளுக்கு ஓர் எண் வரும், பாதி வேலை அப்போதே முடிந்திருக்கும்.